வாசலை அடைத்தவன்

கரண்டியை எப்படிப் பிடிப்பது, மண்ணை எத்தனை விரற்கடை சுரண்டுவது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதற்கு அகழாய்வை நடத்தும் டாக்டர் இருக்கிறார், அளந்து படம் வரையும் சிவநேசன் இருக்கிறார். பத்து நாளில் உங்கள் கையே கற்றுக்கொள்ளும். இந்த சீசனில் அகழாய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் எட்டுப் பேருமே கட்டட வேலையிலிருந்து வந்தவர்கள் என்று சிவநேசன் போனில் சொன்னார். நானும் அப்படி வந்தவன்தான். நல்ல கொத்தனார் இந்த வேலைக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைச் செய்தே காட்டியவன். "நீங்களே எழுதி அனுப்புங்கோ அண்ணை, நான் பெடியங்களுக்கு வாசிச்சுக் காட்டுறன்" என்றார். எழுதிவிட்டேன். வாசிக்கும்போது அவர் தன் பங்குக்கு ஏதாவது சேர்த்தால் நம்ப வேண்டாம்.

எனக்கு அறந்தாங்கிப் பக்கம். அமீரகத்தில், ராஸ் அல் கைமாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் பதினோரு வருடம் கொத்தனாராக இருந்தேன். பெரும்பாலும் வில்லாக்களுக்குக் காம்பவுண்டுச் சுவர். என் சுவரில் நூல் பிடித்துப் பார்த்து இன்றுவரை ஒருவன் குறை சொன்னதில்லை; அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. வில்லா வேலை முடிந்த ஒரு நவம்பரில் கம்பெனி எங்கள் எட்டுப் பேரைப் பொறுக்கி, பழைய ஊர் ஒன்றைத் தோண்டும் வேலை என்று சொல்லி பிக்கப்பில் ஏற்றியது. கொஞ்சம் இந்தியும் கொஞ்சம் இங்கிலீஷும் வரும் என்பதால் என்னை ஆட்களுக்குத் தலைவனாக்கினார்கள். கம்பெனி கையில் அப்போது மிச்சமிருந்த ஒரே வேலை மலையடிவாரக் குவாரிதான். அங்கே இரண்டு வருடம் இருந்தவன் இருமினால் அடுத்த ரூமுக்காரன் எழுந்து உட்காருவான். அதனால் எட்டுப் பேருக்கும் ஒரே வேண்டுதல்: இந்தத் தோண்டும் வேலை நிற்கக் கூடாது.

இடம் உங்களுக்குத் தெரிந்ததுதான், உப்பங்கழி ஓரத்து மணல்மேடு. அன்று அங்கே நிழல் பந்தல்கூடக் கிடையாது. அதற்கு முன் யாரும் அதைத் தோண்டியதில்லை, ஒருவரும் அதைப் பற்றி எழுதியதுமில்லை. டாக்டர் அப்போது நாற்பதைத் தாண்டாத பெண். ஜோர்டானில் பைசாந்திய ஊர்களைத் தோண்டிவிட்டு வந்தவர். முதல் நாள் எங்களை உட்கார வைத்து அவர் பேச, சிவநேசன் தமிழில் சொன்னார். கான்ஸ்டாண்டிநோபிளில் பைசாந்தியப் பேரரசர்கள் ஆண்ட காலத்து ஊர் இது. இஸ்லாம் வருவதற்குக் கொஞ்சம் முந்தியது. இந்தக் கரை ஊர்களில் மீன் பிடித்தார்கள், முத்துக் குளித்தார்கள், சுவரில் சுண்ணாம்பால் சிலுவை வைத்தார்கள். அந்தப் பேரரசின் ஊர்களிலிருந்து வந்த ஜாடியின் துண்டும் இந்த மேட்டின் மேலேயே கிடைத்திருக்கிறது.

எங்களில் பாண்டி என்று ஒருவன், சிவகங்கைக்காரன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிண்ணே, இவ்வளவு பேரும் வீட்டை விட்டுட்டு எங்கண்ணே போனாங்க?" என்றான். சிவநேசன் இதை டாக்டரிடம் சொன்னதும் அவர் பாண்டியை நோக்கிக் கையை நீட்டி, அதுதான், அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்றார்.

ஆனால் கண்டுபிடிக்க அவகாசம் குறைவாக இருந்தது. மேட்டின் மேல் ஒரு ரோடு வருவதாக இருந்தது. பிப்ரவரி கடைசியில் தொல்பொருள் துறை அதிகாரி வருவார். அவர் மனது வைத்தால் சுற்றிலும் வேலி போட்டு, அடுத்த வருடமும் தோண்டச் சொல்வார். இல்லையென்றால் ரோலர் வரும், நாங்கள் குவாரிக்குப் போவோம்.

அவர் வருவதற்கு முந்தின வியாழக்கிழமை நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

தென்மேற்கு மூலை வீட்டில் கடற்பாறைக் கல் சுவர் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தோம். மதியத்துக்கு மேல் சுவரில் ஓர் இடைவெளி தெரிந்தது. மேலிருந்து சரிந்த கற்கள் அந்த இடைவெளிக்குள் கீழே கிடந்தன. டாக்டர் தினமும் காலையில்தான் டிரோன் பறக்கவிட்டுப் படமெடுப்பார். அன்று மதியமே நகரத்தில் ஆபீசுக்குப் போய்விட்டார். சிவநேசன் மேட்டின் மறுபக்கக் குழியில் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். ஆட்கள் சல்லடைக்கு மண் சுமந்து போயிருந்தார்கள். சைட்டுக்குள் எங்கள் கையில் போன் இருக்கக் கூடாது என்பது அப்போதைய சட்டம். பிக்கப் வர இருபது நிமிடம் இருந்தது. நானும் சுவரும் மட்டும்.

கொத்தனாருக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் இருக்கும். சாயங்காலம் வேலையை விடும்போது சுவரைப் பல்லிளிக்க விட்டுவிட்டுப் போக மாட்டான். அன்றைய வரியை முடித்து, மட்டம் பார்த்துவிட்டுத்தான் கை கழுவுவான். நான் அதை வாசல் என்று நினைக்கவில்லை, சுவர் உடைந்த இடம் என்று நினைத்தேன். கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்தேன். சுவரில் வைத்துப் பார்த்தேன். போய் அப்படி உட்கார்ந்தது! அடுத்ததை எடுத்தேன். தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்ததை மண்ணில் ஊற்றிக் குழைத்து இடுக்கில் அப்பினேன், ஆடிய கல்லுக்கு அடியில் ஆப்பாகச் சில்லு கொடுத்தேன். பிக்கப் ஹாரன் அடித்தபோது இருபத்து மூன்று கல்லும் மேலே ஏறியிருந்தன, முழங்காலுக்கு மேல் உயரம். கையை உதறிக்கொண்டு வண்டியில் ஏறியபோது என்ன திருப்தி தெரியுமா? இதை எழுதும்போது என்னை நானே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் விடுமுறை. இரண்டு நாளும் மணற்காற்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் குழி பாதி மூடிக் கிடந்தது. டாக்டரே இறங்கி பிரஷ்ஷால் மணலைத் தள்ளினார். நான் அப்பிய மண் காய்ந்து, மேலே மணல் படிந்து, ஆயிரத்து நானூறு வருடமாக அங்கேயே இருப்பதுபோல இருந்தது. இரண்டு பக்கமும் நிமிர்த்தி வைத்த கற்கள் அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தன. அது வாசல். வாசலுக்குள் ஒரு சுவர். டாக்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிவநேசனைக் கூப்பிட்டார். அன்று முழுக்கவும் மறுநாளும் சிவநேசன் கல் கல்லாக அளந்து படம் வரைந்தார். நான் பக்கத்திலேயே வாளி பிடித்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் புரியாமல்.

திங்கட்கிழமை திரும்பும்போது பிக்கப்பில் சிவநேசன் எங்களிடம் சொன்னார்: "பாண்டி, உங்கட கேள்விக்குப் பதில் கிடைச்சிட்டுது. டாக்டருக்குச் சந்தோசம் தாங்கேல்லை. அந்தச் சனம் பயந்து ஓடேல்லையாம். அவசரப்படாம ஆறுதலா வாசலைக் கல்லால அடைச்சுப்போட்டு, திரும்பி வருவம் எண்டு போயிருக்கினம். புதன்கிழமை ஆபீசருக்கு இதைத்தான் காட்டப் போறா."

பாண்டி கைதட்டினான். வாசலை அடைத்துவிட்டு நிம்மதியாகப் போனவன் யார் என்று அந்த வண்டியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த இடத்தில் நான் உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை டாக்டர் பக்கம் போனேன். முதல் தடவை அவர் போனில் இருந்தார். நல்லதாகப் போயிற்று என்று திரும்பினேன். இரண்டாவது தடவை அவரே "என்ன?" என்று கேட்டார், தண்ணீர் கேன் தீர்ந்துவிட்டது என்றேன். கேனில் தண்ணீர் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பாண்டியைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னேன்.

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அண்ணே, வாயைத் தொறக்காதீங்க. உங்க சுவரு நல்லா இருக்கு, அந்தம்மா சந்தோசமா இருக்கு, ஆபீசரும் சந்தோசமாப் போவாரு. செத்துப்போனவன் வந்து நான் அடைக்கலன்னு சொல்லப் போறானா? எட்டுப் பேரு பொழப்பு இது."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வேலி வந்தால் ஊர் பிழைக்கும், நாங்களும் பிழைப்போம். ஒரு பொய் யாரைக் கெடுக்கும்? ஆனால் அந்த அம்மாள் இரண்டு நாளாக அந்தச் சுவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் நான். இருபத்து மூன்று கல்லுக்கும் ஒவ்வொன்றாகக் குறிப்பு. நான் ஆடுகிறதா இல்லையா என்று மட்டும் பார்த்து வைத்த கல்லுக்கு, ஒரு குடும்பத்தின் மனதை அவர் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. பயத்தைவிட அந்த வெட்கம்தான் என்னைத் தள்ளியது.

புதன்கிழமை காலை சைட்டில் இறங்கியதும் சிவநேசனிடம் சொன்னேன். மனிதர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு அவர் முகம் கறுத்தது.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? ரெண்டு நாளா முழங்கால் தேய நான் கீறினது உங்கட சுவரையோ? அந்தப் படத்தில என்ர பேர் கிடக்கு."

"நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க சிவநேசன். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் வராது."

"ஏலாது. நான் சொன்னால் அது கோள். கல்லு வைக்கேக்க இங்கிலீஷ் கேட்டனீங்களோ? நீங்கள்தான் சொல்லோணும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு வண்டிகள் ஒன்றாக வந்து நின்றன. ஒன்றில் டாக்டர், மற்றதில் அதிகாரி. பின்னால் எங்கள் கம்பெனி சூப்பர்வைசரும் நாற்காலிகளுடன் வந்துவிட்டார். அதிகாரி வெள்ளைக் கந்தூரா அங்கி அணிந்த பெரியவர், உள்ளூர்க்காரர். இந்தி நம்மைவிட நன்றாகப் பேசுவார். எல்லோரும் நேரே வாசலுக்குப் போனார்கள். டாக்டர் கையை நீட்டிச் சொல்ல ஆரம்பித்தார். இன்னும் இரண்டு வாக்கியம் போனால் திரும்ப முடியாது என்று எனக்குத் தெரிந்தது. குழிக்குள் இறங்கிவிட்டேன்.

"மேடம், ஸாரி. திஸ் வால், மீ." நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். "தர்ஸ்டே. மீ."

டாக்டருக்குப் புரியவில்லை. அதிகாரிக்கு இந்தியில் சொன்னேன், அவர் இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார், இருக்கவே முடியாது என்றார். என் கைவேலைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை! நான் குனிந்து மூன்றாவது வரியில் ஒரு கல்லுக்கு அடியில் விரலை விட்டு, ஆப்பாகக் கொடுத்திருந்த சில்லை உருவினேன். பாத்ரூமுக்கு ஒட்டுவோமே, அந்த வெள்ளை டைல்ஸ் துண்டு. ராஸ் அல் கைமாவில் செய்தது. என் பேண்ட் பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும்.

டாக்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கத்தியிருந்தால் தேவலை. என்னைப் பார்க்காமல், ஏன் என்று மட்டும் கேட்டார். சுவர் திறந்து கிடந்தது, மூடினேன் என்றேன். உலகத்திலேயே முட்டாள்தனமான பதில், ஆனால் அதுதான் உண்மை. சூப்பர்வைசர் பின்னாலிருந்து என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஒன்று உறைத்தது. சுவரைக் கட்டியவன் நான் என்றால், கற்கள் கீழே எப்படிக் கிடந்தன என்று எடுத்துப் பார்த்த ஒரே ஆளும் நான்தான்.

"சாப், நான் எடுத்தப்போ கல்லு தரையில கிடக்கலை" என்றேன் இந்தியில். "மணல் மேல கிடந்துச்சு. அடியில நாலு விரல் கனத்துக்கு மணல், காத்து கொண்டாந்த மணல், சலிச்ச மாவு மாதிரி, வரி வரியாப் படிஞ்சு கிடந்துச்சு. எல்லாம் உள்பக்கமாத்தான் விழுந்திருந்துச்சு."

அதிகாரி இதை இங்கிலீஷில் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்தார். வரி வரியாகப் படிந்த நாலு விரல் மணல் ஒரு நாள் காற்றில் சேராது. யாரும் வாசலை அடைக்கவில்லை. திறந்தபடி விட்டுவிட்டுப் போனார்கள், வருடக்கணக்காகக் காற்று உள்ளே மணலைக் கொண்டுவந்தது, சுவர் பிறகுதான் விழுந்தது. அவர் எழுந்து வந்து என் முன்னால் நின்றார். கோபம் போகவில்லை, கண் சிவந்துதான் இருந்தது. "பிரி" என்றார். "எது எங்கே கிடந்ததோ அங்கே வை. இப்போதே."

என் வாழ்க்கையில் நான் கட்டிய எந்தச் சுவரும் அதைப் பிரித்ததைப் போலக் கஷ்டமாக இருந்ததில்லை. தரையில் மணல் பரப்பினார்கள். ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கண்ணை மூடி அந்த வியாழக்கிழமையை நினைத்தேன். மூக்கு உடைந்த கல் முதலில் எடுத்தது, வலது பக்க நிலையை ஒட்டிக் கிடந்தது. இரண்டாவது அதன்மேல் சாய்ந்திருந்தது. சிப்பி ஒட்டிய பெரிய கல் நட்டநடுவில். கொத்தனாருக்குக் கல்லின் முகம் மறக்காது. பதினான்கு கல் வரை தயங்காமல் வைத்தேன். பதினைந்தாவதைக் கையில் எடுத்தேன். ஒன்றுமே வரவில்லை. கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன், அதுவும் வரவில்லை. கடைசியில் பிக்கப் வந்துவிடுமே என்று அவசர அவசரமாக அள்ளி வைத்த கற்கள் அவை.

அதிகாரி சாப்பிடப் போகாமல் நாற்காலியிலேயே இருந்தார். "மீதி ஒன்பது?"

"தெரியாது சாப்."

"இது அந்த மூலையில் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது."

"உத்தேசமாக வை. யார் பார்க்கப் போகிறார்கள்?"

டாக்டரும் என்னையே பார்த்தார். சூப்பர்வைசர், வைத்துத் தொலையேன் என்று பல்லைக் கடித்தார். மேலே பாண்டியும் ஆட்களும் வரிசையாக நின்றார்கள். அந்த ஒன்பதையும் அழகாகப் பரப்பி வைத்துவிட எனக்குக் கை துறுதுறுத்தது. காலி இடத்தைப் பார்த்தால் நிரப்பத் தோன்றும் அதே கைதானே! கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "தெரியாது சாப்" என்றேன் மறுபடியும்.

அதிகாரி எழுந்து கந்தூராவில் ஒட்டிய மணலைத் தட்டினார். டாக்டரிடம் அவர் இங்கிலீஷில் சொன்னதைச் சிவநேசன் பிறகு எனக்குச் சொன்னார்: "ஒன்பது கல்லைத் தெரியாதெண்டு சொல்ற ஆள் வைச்ச பதினாலு கல்லை நான் நம்புறன். வேலி போடச் சொல்றன்."

ஆட்கள் மேலே ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டார். ஆபீசர் முன்னால் கம்பெனி மானத்தை வாங்கிவிட்டேன் என்பது அவர் கணக்கு. "கல் ஸே குவாரி. கலாஸ்" என்றார், நாளையிலிருந்து குவாரி, அவ்வளவுதான் என்று. டாக்டர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், குறுக்கே பேசவில்லை. அந்த மாதம் அவர் மனது ஆறவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஏழு பேர் இருந்தார்கள், நான் போனேன். எட்டு மாதம் கல் உடைத்தேன், நன்றாகவே இருமினேன். அடுத்த நவம்பரில் அவரே என் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கினார் என்பதும், அதற்குப் பிறகு ஒன்பது சீசன் அந்த மேட்டில் இருந்தேன் என்பதும் சிவநேசன் சொல்லியிருப்பார்.

உங்கள் கை நல்ல கை. அதைத்தான் சந்தேகப்படச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல உங்களுக்கு இங்கிலீஷ் வேண்டாம். டாக்டருக்கு அது எந்த பாஷையிலும் புரியும்.

புதன்கிழமை சாயங்காலம் நான் பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போகும்போது சிவநேசன் புதுப் படத்தோடு ஓடிவந்தார். பதினான்கு கல்லை வரைந்திருந்தார். மற்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். கீழே, வரைந்தவர் என்று தன் பெயர். அதற்கும் கீழே, கற்களை வைத்தவர் என்று என் பெயர், ஊருடன், முழுதாக. "டாக்டர்தான் எழுதச் சொன்னவ. எழுத்துப் பிழை இருக்கோ எண்டு பாருங்கோ" என்றார்.

நான் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தேன். பதினோரு வருடத்தில் எத்தனையோ வில்லாக்களுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறேன், ஒன்றிலும் என் பெயர் கிடையாது. கட்டக் கூடாத ஒரு சுவரைக் கட்டி, அதை என் கையாலேயே பிரித்துப் போட்ட பிறகுதான் ஒரு காகிதத்தில் ஏறியது. பிழை இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.